ஒருவரே இசைக்குழு: நாட்டார்-ராக் இசையில் தனியாள் ஒலிப்பதிவின் வரலாறு

நாட்டார்-ராக் என்பது அமெரிக்க, பிரிட்டன் நாட்டுப்புறப் பாடல் மரபும், மின்கிதாரும் டிரம்ஸும் கொண்ட ராக் இசையும் கலந்து 1960களின் நடுவில் உருவான இசைவகை ஆகும். இவ்வகையில் பாடலை எழுதி, மெட்டமைத்து, தாமே பாடுபவரைப் பாடகர்-பாடலாசிரியர் என்பர். இவர்களுள் ஒரு சிறு பிரிவினர் இன்னும் ஒரு படி மேலே சென்று, தம் இசைத்தட்டில் ஒலிக்கும் கிதார், பேஸ் கிதார், பியானோ, டிரம்ஸ் முதலிய எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பதிவு செய்தனர். அத்தகைய தனியாள் ஒலிப்பதிவு எவ்வாறு தோன்றியது, அதைச் செய்தவர்களுக்கு அது உண்மையில் சுதந்திரம் தந்ததா என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அக்காலத்தில் ஓர் இசைத்தட்டு எப்படி உருவாயிற்று என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பாப் டிலன் எழுதிய 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலை 1965இல் தி பேர்ட்ஸ் என்னும் குழு மின்கருவிகளுடன் பாடி வெளியிட்டது. அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நாட்டார்-ராக் என்னும் பெயர் பரவ அந்தத் தட்டு முக்கியக் காரணம். ஆனால் அதில் கருவி வாசித்தவர்களுள் அக்குழுவைச் சேர்ந்தவர் மெக்வின் ஒருவரே. ஏனையோர், ஊதியம் பெற்று வாசிக்கும் ஸ்டுடியோ கலைஞர்கள். பாடுவது யார், வாசிப்பது யார், எத்தனை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் இசை நிறுவனமும் தயாரிப்பாளரும் முடிவு செய்த காலம் அது. எல்லாவற்றையும் நானே வாசிக்கிறேன் என்று ஒருவர் சொன்னபோது, அது திறமையைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்கவில்லை. அதிகாரத்தைப் பற்றிய பேச்சாகவும் இருந்தது.

தெருவோர முன்னோடி

ஒலிப்பதிவுப் பொறியின் உதவியின்றியே ஒருவர் பல கருவிகளை ஒரே நேரத்தில் வாசிக்கும் வழக்கம் பழமையானது. கழுத்தில் மவுத் ஆர்கன், கையில் கிதார், காலில் தாளம் என்று தெருவில் வாசித்துப் பிழைத்தவர்கள் பல நாடுகளில் இருந்தனர். அமெரிக்காவில் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர் ஜெஸ்ஸி ஃபுல்லர். 1896இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த இவர், பின்னர் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் குடியேறி, ரயில்வே உள்ளிட்ட பல வேலைகளைச் செய்தவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகே முழுநேர இசைக்கலைஞரானார்.

உடன் வாசிக்க ஆட்களைத் தேடி வைத்துக்கொள்வது கடினமாக இருந்ததால், ஃபுல்லர் தமக்கென ஒரு கருவியையே செய்துகொண்டார். பெட்டி போன்ற அந்தக் கருவியில் ஆறு பியானோ தந்திகள் இருந்தன. காலால் மிதிக்கும் கட்டைகள் சிறு சுத்தியல்களை இயக்கி அத்தந்திகளைத் தட்டின. 'ஃபாட்டெல்லா' என்று பெயர் பெற்ற அதுதான் அவருக்குப் பேஸ் வாசித்த கூட்டாளி. அதனுடன் பன்னிரு தந்திக் கிதார், கழுத்துச் சட்டத்தில் மவுத் ஆர்கனும் கசூவும், இன்னொரு காலில் தாளத்தட்டு ஆகியவற்றையும் ஒரே ஆளாக இயக்கினார். 1954இல் அவர் எழுதிய 'சான்ஃபிரான்சிஸ்கோ பே புளூஸ்' பின்னாளில் பலரால் பாடப்பட்டது. பாப் டிலனின் முதல் இசைத்தொகுப்பு (1962) ஃபுல்லரின் பாடலோடுதான் தொடங்குகிறது.

ஃபுல்லருக்கு ஓர் எல்லை இருந்தது. மனிதனுக்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு வாய்தான் உண்டு. நாகசுரம் வாசிப்பவர் காலால் தாளம் போடலாம். ஆனால் அதே நேரத்தில் தவிலையும் முழுமையாக வாசிக்க இயலாது. அந்த எல்லையைக் கடக்கக் காலத்தையே அடுக்கி வைக்கும் ஒரு பொறி தேவைப்பட்டது.

ஒலிமேல் ஒலி

அப்படி அடுக்கும் முயற்சி ஒலிநாடா பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1941 ஏப்ரலில் ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே, ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தின் கூடத்தில் 'தி ஷேக் ஆஃப் அரபி' என்னும் பாடலில் கிளாரினெட், இருவகைச் சாக்ஸஃபோன்கள், பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகிய அனைத்தையும் தாமே வாசித்தார். முதலில் ஒரு கருவியை வாசித்துத் தட்டில் பதிவார்கள். அத்தட்டை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து இரண்டாவது கருவியை வாசிக்க, இரண்டும் சேர்ந்து புதிய தட்டில் பதியும். இவ்வாறே அடுத்தடுத்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெராக்ஸ் நகலையே மறுபடி மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதுபோல், ஒவ்வொரு படியிலும் முதல் ஒலி மங்கும், இரைச்சல் கூடும். நடுவில் ஒரு பிழை நேர்ந்தால் அந்தப் படி முழுவதும் வீண்.

கிதார் கலைஞரும் கண்டுபிடிப்பாளருமான லெஸ் பால் இதே தட்டு முறையில் 'லவர்' என்னும் இசையை எட்டுக் கிதார்ப் பகுதிகளாகப் பதிவு செய்தார்; அது 1948இல் வெளிவந்தது. பின்னர் ஒலிநாடாவுக்கு மாறினார். ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் அவருக்கு எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாப் பொறியைச் செய்து கொடுத்தது.

தடம் என்பதை மாணவர்கள் நாலு கோடு நோட்டைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். நாடாவின் அகலத்தை நீளவாக்கில் பல கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கருவியை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோட்டை அழித்துத் திருத்தினாலும் மற்றக் கோடுகள் கெடுவதில்லை. ஆனால் பழைய பொறிகளில் பதியும் முனையும் ஒலிக்கும் முனையும் சற்றுத் தள்ளித் தள்ளி இருந்தன. பழைய தடத்தைக் கேட்டுக்கொண்டே புதியதைப் பதிந்தால், இரண்டுக்கும் இடையே சிறிது காலம் பிந்தும், தாளம் தப்பும். பதியும் முனையையே கேட்பதற்கும் பயன்படுத்தும் முறையை ஆம்பெக்ஸ் உருவாக்கியதால் அந்தப் பிந்தல் நீங்கியது. ஒருவர் தம்மோடு தாமே தாளம் தப்பாமல் வாசிக்க வழி பிறந்தது அப்போதுதான்.

1969, 1970: இரண்டு முயற்சிகள்

நாட்டார்-ராக் உலகில் இம்முறையை முழுத் தொகுப்புக்கும் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஸ்கிப் ஸ்பென்ஸ். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் முதல் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்து, பின்னர் மோபி கிரேப் குழுவில் கிதார் கலைஞராக இருந்தவர். 1968இல் நியூயார்க்கில் கடும் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகி, பெல்வியூ மருத்துவமனையில் பல மாதங்கள் இருந்தார். வெளியே வந்ததும் நாஷ்வில் நகருக்குச் சென்று, கொலம்பியா நிறுவனத்தின் கூடத்தில் 'ஓர்' என்னும் தொகுப்பைத் தாமே எல்லாக் கருவிகளையும் வாசித்துப் பதிவு செய்தார். 1969 மே மாதம் வெளிவந்த அது விற்கவில்லை. நிறுவனம் அதற்கு விளம்பரமும் செய்யவில்லை. அவருடைய பாடல்களைப் பிற கலைஞர்கள் பாடிய 'மோர் ஓர்' என்னும் மரியாதைத் தொகுப்பு 1999இல் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், தம் 53ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பாக ஸ்பென்ஸ் காலமானார்.

இரண்டாவது முயற்சி உலகம் அறிந்தது. பீட்டில்ஸ் குழு உடைந்துகொண்டிருந்த 1969 டிசம்பரில், பால் மெக்கார்ட்னி லண்டனில் உள்ள தம் வீட்டுக்கு ஒரு நான்கு தடப் பொறியைக் கொண்டுவந்து தனியாகப் பதிவு செய்யத் தொடங்கினார். 1970 ஏப்ரல் 17 அன்று வெளிவந்த 'மெக்கார்ட்னி' தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பொறியை வீட்டுக்குக் கொண்டுவரும் வசதியும், கேட்கக் காத்திருந்த உலகமும் அவருக்கு இருந்தன. அவை இரண்டும் இல்லாத ஓர் இளைஞர் அதே வேளையில் கலிஃபோர்னியாவில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

எமிட் ரோட்ஸ்: எல்லாக் கருவியும் கையில்

எமிட் ரோட்ஸ் 1950இல் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள ஹாதார்னில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பேலஸ் கார்ட் என்னும் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பின்னர் மெர்ரி-கோ-ரவுண்ட் என்னும் குழுவை அமைத்துப் பாடல் எழுதலானார். 1967இல் அக்குழுவின் 'லிவ்' என்ற பாடல் ஓரளவு புகழ் பெற்றது. குழு விரைவில் கலைந்தது.

அதன்பின் ரோட்ஸ் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பெற்றோர் வீட்டின் பின்புறம் இருந்த கொட்டகையில் நான்கு தடப் பொறி ஒன்றை வைத்து, பியானோ, கிதார், பேஸ், டிரம்ஸ் அனைத்தையும் தாமே வாசித்து, எல்லாக் குரல்களையும் தாமே பாடி ஒரு தொகுப்பை உருவாக்கினார். பாடல்களை எழுதியவரும் அவரே. ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு அது. ஏ.பி.சி./டன்ஹில் நிறுவனம் அதை 1970இல் 'எமிட் ரோட்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் 29ஆம் இடம் வரை சென்றது. இருபது வயது இளைஞர் ஒருவர் கொட்டகையில் தனியாகச் செய்த தொகுப்புக்கு அது மிகப் பெரிய வெற்றி. அவருடைய குரலும் மெட்டுகளும் மெக்கார்ட்னியை நினைவூட்டியதால் 'தனியாள் பீட்டில்ஸ்' என்ற பட்டப்பெயரும் வந்தது.

வீழ்ச்சி தொடங்கியதும் அந்த வெற்றியிலிருந்துதான். நிறுவனத்தோடு அவர் செய்திருந்த ஒப்பந்தப்படி மூன்று ஆண்டுகளில் ஆறு தொகுப்புகள், அதாவது ஆறு மாதத்துக்கு ஒன்று வீதம் தர வேண்டும். குழுவாக வாசிப்போர் நான்கு பேரும் ஒன்றாக அமர்ந்து ஒரு பாடலின் அடித்தளத்தை ஒரு மாலையில் பதிந்துவிடலாம். தனியாள் முதலில் டிரம்ஸ் வாசித்துப் பதிந்து, கேட்டுத் திருத்தி, பிறகு பேஸ், பிறகு பியானோ என்று ஒவ்வொன்றாகச் செல்ல வேண்டும். பொறியை இயக்குபவரும் அவரே. அவருக்கு ஆறு மாதம் எப்படிப் போதும்? அந்தக் கெடு குழுக்களின் வேகத்துக்கு ஏற்ப எழுதப்பட்டது; தனியாளின் வேலைமுறைக்கு அதில் இடமில்லை.

அத்துடன், மெர்ரி-கோ-ரவுண்ட் காலத்தில் அவர் பதிந்து வைத்திருந்த பாடல்களைப் பழைய நிறுவனமான ஏ அண்ட் எம் தொகுத்து, 'தி அமெரிக்கன் டிரீம்' என்று அதே காலத்தில் வெளியிட்டது. ரோட்ஸின் புதிய தட்டுக்கு அவருடைய பழைய பாடல்களே போட்டியாக வந்தன. 1971இல் 'மிரர்', அடுத்து 'ஃபேர்வெல் டு பாரடைஸ்' என மேலும் இரண்டு தொகுப்புகளைத் தந்தார். அவை முதல் தொகுப்பைப் போலப் போகவில்லை. கெடுவுக்குள் தொகுப்புகளைத் தரவில்லை என்று டன்ஹில் நிறுவனம் இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்து, அவருக்குச் சேர வேண்டிய ராயல்டியையும் நிறுத்தி வைத்தது.

இருபதுகளின் முற்பகுதியிலேயே ரோட்ஸ் தம் பெயரில் தொகுப்பு வெளியிடுவதை நிறுத்திவிட்டார். பிறருக்கு ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் தயாரிப்பாளராகவும் வேலை செய்தார். 2001இல் வெளிவந்த 'தி ராயல் டெனன்பாம்ஸ்' திரைப்படத்தில் அவருடைய பாடல் ஒன்று இடம்பெற்றது. 2009இல் அவரைப் பற்றி ஓர் இத்தாலிய ஆவணப்படம் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, 2016இல் 'ரெயின்போ எண்ட்ஸ்' என்ற புதிய தொகுப்பு வெளியானது. அதில் அவர் தனியாக வாசிக்கவில்லை. அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டு வளர்ந்த இளைய கலைஞர்கள் பலர் உடன் வாசித்தனர். 2020 ஜூலையில், 70ஆம் வயதில் ரோட்ஸ் காலமானார்.

ரோட்ஸின் கையில் எல்லாக் கருவிகளும் இருந்தன. பொறியும் இருந்தது. காலம் மட்டும் அவர் கையில் இல்லை.

ஜான் ஃபோகர்ட்டி: பாடலும் பிறர் பெயரில்

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ஜான் ஃபோகர்ட்டி, 1972இல் குழு கலைந்த பின் தனியாள் முறைக்கு வந்தார். 1973இல் 'தி புளூ ரிட்ஜ் ரேஞ்சர்ஸ்' என்னும் தொகுப்பு வெளியானது. பெயரைப் பார்த்தால் ஒரு குழு போலத் தோன்றும். அட்டையில் ஐந்து பேரின் நிழலுருவங்கள் உள்ளன. ஐவரும் ஃபோகர்ட்டியே. எல்லாக் கருவிகளும் குரல்களும் அவருடையவை. பாடல்கள் மட்டும் பிறர் எழுதிய பழைய கன்ட்ரி, கோஸ்பல் பாடல்கள்.

குழு நாள்களில் அவர் எழுதிய பாடல்களின் பதிப்புரிமை ஃபேன்டசி நிறுவனத்திடம் இருந்தது. அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காகப் பழைய தட்டுகளிலிருந்து தமக்கு வர வேண்டிய ராயல்டியையும் அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1975க்குப் பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவரிடமிருந்து புதிய தொகுப்பு எதுவும் வெளிவரவில்லை. 1985இல் வேறு நிறுவனம் மூலம் 'சென்டர்ஃபீல்ட்' தொகுப்பை வெளியிட்டார். அதிலும் எல்லாக் கருவிகளும் அவரே. அது முதலிடம் பெற்றது.

அப்போது நடந்த வழக்கு இசை வரலாற்றில் விசித்திரமானது. அத்தொகுப்பில் உள்ள ஒரு பாடல், 1970இல் ஃபோகர்ட்டி எழுதி உரிமை தங்களிடம் உள்ள 'ரன் த்ரூ தி ஜங்கிள்' பாடலின் நகல் என்று ஃபேன்டசி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சுருங்கச் சொன்னால், அவர் தம்மையே காப்பியடித்தார் என்பது குற்றச்சாட்டு. 1988இல் ஃபோகர்ட்டி நீதிமன்றத்துக்குக் கிதாருடன் சென்று, சாட்சிக் கூண்டிலிருந்து வாசித்துக் காட்டி, ஒரே ஆளின் நடை இரு பாடல்களிலும் தெரிவது இயல்பு என்று விளக்கினார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தம் வழக்குச் செலவைக் கேட்டு அவர் தொடர்ந்த வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. பதிப்புரிமை வழக்கில் வெல்லும் பிரதிவாதியையும் வாதியைப் போலவே நடத்த வேண்டும் என்று 1994இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது. பழைய பாடல்களின் பதிப்புரிமையில் பெரும்பகுதி 2023இல்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 77.

கேசட் தந்த மாற்றம்

1970களில் நான்கு தடப் பொறி வைத்திருக்கப் பணமும் இடமும் வேண்டும். 1979இல் டீயாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்னும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியலாம். வழக்கமாகக் கேசட்டின் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கு இரண்டு. இப்பொறி நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. தரம் குறையாமலிருக்க நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டியது. மேசை மேல் வைத்துக்கொள்ளும் அளவில் ஒரு ஸ்டுடியோ வந்துவிட்டது.

அதன் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 ஜனவரியில், நியூஜெர்சியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் அறையில், இப்பொறியில் புதிய பாடல்களைப் பதிந்தார். கிதார், மவுத் ஆர்கன், மேண்டலின் என அனைத்தும் அவரே. குழுவினருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான மாதிரிகளாகவே அவற்றைச் செய்தார். ஆனால் ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்தபோது அந்தப் பாடல்களின் தன்மை மாறிப்போயிற்று. பல முயற்சிகளுக்குப் பின், உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே தொகுப்பாக வெளியிடுவதென்று முடிவாயிற்று. 1982 செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அது வந்தது. வேலையிழந்தோர், குற்றம் இழைத்தோர், வழி தவறியோர் ஆகியோரைப் பற்றிய அப்பாடல்களுக்கு அறையின் வெறுமையும் நாடாவின் இரைச்சலும் பொருந்தின. ஸ்பிரிங்ஸ்டீன் அப்போதே நிறுவனத்திடம் செல்வாக்குப் பெற்றிருந்ததால்தான் இது வெளிவர முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் வீட்டுக் கேசட்டும் முழுமையான படைப்பாகலாம் என்பதை அது பிறருக்கு மெய்ப்பித்தது.

அந்தப் பாடத்தைக் கற்ற அடுத்த தலைமுறையில் முக்கியமானவர் எலியட் ஸ்மித். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஒரு வீட்டின் நிலவறையில் நான்கு தடப் பொறியில் பதிந்த பாடல்களை உள்ளூர்ச் சிறு நிறுவனம் ஒன்று 1994இல் 'ரோமன் கேண்டில்' என்று வெளியிட்டது. நான்கு ஆண்டுகளில் அவர் ஆஸ்கர் விழா மேடையில் தம் பாடலைப் பாடிக்கொண்டிருந்தார். 2003இல் 34 வயதில் மறைந்தார்.

சொந்த நிறுவனம்: சுஃப்யான் ஸ்டீவன்ஸ்

தலைப்பில் கண்ட வரலாறு ஒரு நிறைவை அடைவது சுஃப்யான் ஸ்டீவன்ஸிடம் எனலாம். 1975இல் டெட்ராய்ட் நகரில் பிறந்த இவர், பள்ளி நாள்களில் ஓபோ பயின்றவர். கிதார், பாஞ்சோ, பியானோ, புல்லாங்குழல் எனப் பல கருவிகள் கைவந்தவர். 1999இல் தம் மாற்றாந்தந்தை லோவெல் பிராம்ஸுடன் இணைந்து 'அஸ்மாட்டிக் கிட்டி' என்னும் சிறு இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய தொகுப்புகள் அதன்வழி வெளிவந்தன.

2003இல் 'மிச்சிகன்', 2005இல் 'இல்லினாய்' என இரு மாநிலங்களைப் பற்றிய தொகுப்புகள் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. 'இல்லினாய்' தொகுப்புக்காக அம்மாநிலத்தின் வரலாற்றையும் இலக்கியத்தையும் தேடிப் படித்தார். அதில் அவர் வாசித்த கருவிகள் ஏறக்குறைய இருபது. வயலின் குழு, டிரம்பெட், சேர்ந்திசை ஆகியவற்றுக்கு நண்பர்கள் உதவினர். 2015இல் வந்த 'கேரி அண்ட் லோவெல்' இதற்கு நேரெதிர்: தாயின் மறைவைப் பற்றிய, மிகக் குறைந்த ஒலியில் அமைந்த பாடல்கள்.

ரோட்ஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 'மிச்சிகன்' தொகுப்பை வெளியிட்டபோது, அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொரு தொகுப்பு தரப்போவதாக ஸ்டீவன்ஸ் அறிவித்தார். இரண்டோடு நின்றது. அது விளம்பரத்துக்கான வேடிக்கை என்று பின்னர் அவரே சொன்னார். மீதி 48 தொகுப்புகளைக் கேட்டு யாரும் அவர்மேல் வழக்குப் போடவில்லை. ஏனெனில் வாக்குக் கொடுத்தவரும் வெளியிடுபவரும் ஒரே பக்கத்தில் இருந்தனர்.

இதே வழியில் ஜஸ்டின் வெர்னன், 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் தம் தந்தையின் வேட்டைக் குடிலில் மூன்று மாதங்கள் தங்கி, தனியாகப் பதிந்த பாடல்களை 'பான் ஐவர்' என்ற பெயரில் 2007இல் 500 படிகள் மட்டும் தாமே வெளியிட்டார். அவை இணையத்தின் வழியே கேட்போரிடம் பரவிய பின்னரே ஜாக்ஜாகுவார் என்னும் சுயேச்சை நிறுவனம் 2008இல் மறுபடி வெளியிட்டது. முதலில் படைப்பு, பிறகு கேட்போர், அதன் பிறகே ஒப்பந்தம் என்று வரிசை தலைகீழானது.

'எல்லாக் கருவியும்' என்பதன் பொருள்

தனியாள் தொகுப்பு என்று சொல்லப்படுவனவற்றை வரலாற்று மாணவர்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். மெக்கார்ட்னியின் தொகுப்பில் அவர் மனைவி லிண்டாவின் குரல் உண்டு. ஸ்பென்ஸ் நாஷ்வில்லில் வாசித்தபோது பொறியை இயக்கிய ஸ்டுடியோ பொறியாளர் ஒருவர் இருந்தார். வெர்னனின் தொகுப்பில் நண்பர்கள் சிலர் பின்னர் வாசித்த பகுதிகள் உள்ளன. இவை அக்கலைஞர்களின் பெருமையைக் குறைப்பன அல்ல. யாருடைய உதவியும் இல்லாத தனியாள் என்பது பெரும்பாலும் விளம்பரம் வளர்த்த படிமம் என்பதையே காட்டுகின்றன.

இம்முறையில் இழப்பும் உண்டு. ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர், "இந்த இடம் சரியாக இல்லை" என்று சொல்வார். பாடகர் வேகம் கூட்டினால் அவரும் கூட்டுவார். தனியாள் பதிவில் முதலில் பதிந்த தாளம் மாறாது. பின்னால் வருவன அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். குறை சொல்ல ஆளில்லாததால் வேலை முடிவதும் கடினம்.

மதிப்பீடு

ஃபுல்லர் தம் காலால் செய்ததை லெஸ் பால் போன்றோரின் கண்டுபிடிப்புகள் பொறியால் செய்ய வைத்தன. போர்ட்டாஸ்டுடியோ அப்பொறியைச் சாதாரண மக்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் இந்த வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் பார்த்தால் ரோட்ஸ் ஏன் மௌனமானார் என்பது விளங்காது. அவருடைய திறமை குறையவில்லை, பொறியும் பழுதாகவில்லை. அவர் கையெழுத்திட்ட ஒரு தாளில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தது. ஃபோகர்ட்டியின் தாளில் பாடல்களின் உரிமையே வேறொருவர் பெயரில் இருந்தது.

இன்று கைப்பேசியிலேயே பல தடங்களில் பதிவு செய்யலாம். தனியாக வாசித்துப் பாடி இணையத்தில் ஏற்றும் இளைஞர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வரலாறு தரும் பாடம் எளியது. எத்தனை கருவி வாசிக்கத் தெரியும் என்பதோடு மேலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பதிவு யாருடைய பொறியில் இருக்கிறது? எந்தக் கெடுவுக்குள் தர வேண்டும்? பாடல் யார் பெயரில் பதிவாகிறது? ஏதேனும் ஒரு தாளில் கையெழுத்திடும் முன், கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை அத்தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் படிப்பது நல்லது.